யாருங்க செஞ்சிருப்பாங்க? மர்மத் தொடர் பார்க்கப் புதிதாக உட்காருபவர்களுக்கு

வெள்ளிக்கிழமை இரவு ஒரு மர்மத் தொடரின் புதுப் பகுதி வந்தால், சனிக்கிழமை காலை எங்கள் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் அம்மாபேட்டைத் தறிக்கூடத்திலும் வேலையோடு வேலையாக விசாரணை நடக்கும். "தம்பி மகன்தாங்க." "அட போங்கண்ணா, அந்த வார்டன் கைய கவனிச்சீங்களா?" புதிதாக வந்து சேருபவர் இரண்டு வாரம் தலையாட்டிக்கொண்டு இருப்பார். மூன்றாம் வாரம் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்வார். ஏன் என்று கேட்டால், "அந்த ஆள் மூஞ்சியே சரியில்லீங்க" என்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துப்பறியும் கதை சேலத்துக்குப் புதிது கிடையாது. 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்பறிந்த 'திகம்பர சாமியார்' 1950-இல் அந்த நிறுவனத்தில் எடுத்த படம்தான். ஆனால் படம் இரண்டரை மணி நேரத்தில் விடையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். தொடர் அப்படி விடாது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே இருக்கும் ஆறு நாள்தான் நமக்கான இடம்.

விளக்குவதற்கு நிஜத் தொடர் எதையாவது எடுத்தால் அதைப் பார்க்காதவருக்குக் கதை கெட்டுப்போகும். அதனால் நாமே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும் இரவில் முதலாளி ராஜசேகர் காணாமல் போகிறார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் அவருடைய பழைய ஜீப் ஹெட்லைட் எரிந்தபடி நிற்பதைப் பால்காரர் பார்க்கிறார். வீட்டில் மனைவி வசந்தா, தம்பி மகன் தினேஷ், கணக்குப்பிள்ளை முருகேசன் இருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளி விடுதியில் வார்டன் சேவியர். தோட்டத்தில் வேலை செய்யும் மலைவாழ் பெண் சின்னப்பொண்ணு. மொத்தம் எட்டுப் பகுதி, இதுவரை மூன்று வந்திருக்கிறது.

முதல் தடவை சும்மா பாருங்கள்

நோட்டும் பேனாவுமாக உட்காராதீர்கள். முதல் தடவை பார்க்கும்போது எங்கே பயந்தீர்கள், எங்கே அலுத்தது, யார்மேல் இரக்கம் வந்தது என்பது மட்டும் மனதில் நிற்கட்டும். கதை எழுதியவர் உங்களை எங்கே பார்க்க வைத்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாம் தடவை, அவர் பார்க்க வைக்காத பக்கத்தைப் பாருங்கள். சின்னப்பொண்ணு அழும் காட்சியில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பின்னால் சுவரில் சாவி மாட்டும் ஆணி காலியாக இருப்பது இரண்டாம் தடவைதான் கண்ணில் படும்.

நோட்டில் மூன்று பத்தி

பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்திக்குத் தலைப்பு 'கண்டது', இரண்டாவதற்கு 'சொன்னது', மூன்றாவதற்கு 'நினைத்தது'. பார்க்க எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால் பாதிப் பேர் இங்கேயே சறுக்குகிறார்கள்.

"ஐயா ராத்திரி எட்டரைக்கு ஜீப்ப எடுத்துட்டுக் கெளம்பினாருங்க" என்று கணக்குப்பிள்ளை போலீசிடம் சொல்கிறார். கூடவே ராஜசேகர் ஜீப்பில் ஏறுகிற காட்சியும் ஓடுகிறது. புதியவர் இதை 'கண்டது' பத்தியில் எழுதிவிடுவார், கண்ணால் பார்த்தோமே என்று. நாம் பார்த்தது கணக்குப்பிள்ளையின் வாக்குமூலத்துக்குப் போட்ட படத்தை மட்டுமே. அவர் பொய் சொன்னால் படமும் பொய். ஒருவர் பேசத் தொடங்கி, அந்தக் குரலின் மேலேயே ஃபிளாஷ்பேக் விரிந்தால், அது எப்போதும் இரண்டாம் பத்திக்குத்தான் போக வேண்டும். 2022-இல் வந்த 'வதந்தி' தொடர் முழுக்க இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. வெலோனி என்ற பெண் ஒவ்வொருவர் வாயிலும் வேறொரு பெண்ணாக வருவாள். பத்தி பிரித்துப் பழக அதைவிட நல்ல தொடர் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

'நினைத்தது' பத்தியை வெறுமையாக விடவும் கூடாது. "வசந்தா அழவில்லை" என்பது கண்டது. "வசந்தாவுக்கு முன்பே தெரியும்" என்பது நினைத்தது. இரண்டும் அருகருகே இருந்தால்தான், நடுவில் எவ்வளவு தூரம் தாண்டிக் குதித்திருக்கிறோம் என்று தெரியும்.

மணியும் வழியும்

அடுத்து, சம்பவ இரவுக்கு ஒரு கால அட்டவணை. யார், எங்கே, எத்தனை மணிக்கு. அதற்கு மணி சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். சுவர்க் கடிகாரமா, போன் திரையா, இல்லை ஒரு ஆளின் வாயா?

இந்த இடத்தில் உள்ளூர்க்காரருக்கு வெளியூர்க்காரரைவிட வசதி அதிகம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறப் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும் ஏறிச் சேர ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், பனி இறங்கிவிட்டால் அதற்கும் மேலே. ஒன்பது மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் தெரிந்த ஆள் ஒன்பதரைக்கு ஏரிக்கரையில் நின்றால், இரண்டில் ஒன்று பொய். குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருப்பதும் நமக்குத் தெரியும். பிரதான சாலைச் சோதனைச் சாவடியில் எந்த வண்டியும் பதிவாகவில்லை என்று இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தால், சேலத்து வீட்டுக் கூடத்தில் ஒரு பாட்டியாவது "குப்பனூரு ரோட்டுல போயிருப்பான்டா" என்று கத்தியிருப்பார்.

கதை இரண்டு காலத்தில் நடந்தால் அட்டவணையும் இரண்டு வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் சன் டி.வி.யில் வாரம் ஒரு முறை வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' அப்படித்தான் ஓடியது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரில் ஒரே கிராமத்தின் பழைய காலமும் இப்போதைய காலமும் மாறி மாறி வரும். அந்தக் காலத்துக் குழந்தைகளில் இந்தக் காலத்துப் பெரியவர் யார் என்று ஊரே பேசியது. நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு காட்சியும் எந்தக் காலம் என்பதைப் பொருள்களை வைத்து உறுதி செய்வது. கல்லாவில் பழைய 500 ரூபாய் நோட்டு தெரிந்தால் அந்தக் காட்சி 2016 நவம்பருக்கு முந்தையது. மேசைமேல் எண் சுழற்றும் தொலைபேசி இருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். இயக்குநர்கள் காலத்தை எழுத்தில் போடாமல் நம்மை ஏமாற்றும்போது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டுத்தான் ஏமாற்றுகிறார்கள்.

திருவிழாக் காட்சியை ஓட்டிவிடாதீர்கள்

நம்ம ஊர் மர்மக் கதைகளில் குற்றம் திருவிழாவில்தான் நடக்கும். காரணம் பக்தி இல்லை. கூட்டம், சத்தம், வேடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். 'சுழல்' தொடரின் முதல் பருவத்தில் சிமென்ட் ஆலை எரிவதும் ஒரு பெண் காணாமல் போவதும் மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களோடு பின்னியிருக்கும். ஆடி மாதம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டிமேல் சிவனாக நிற்பது எதிர்வீட்டு அண்ணன் என்பது அவர் குரல் கொடுக்கும் வரை தெரியாது.

ஆகவே திருவிழாக் காட்சியில் பார்க்க வேண்டியது அம்மனை மட்டும் இல்லை. யார் வேடம் கட்டியிருக்கிறார், அவர் வேடம் கலைத்ததை நாம் பார்த்தோமா, கூட்டத்தில் யார் இல்லை? நம் கற்பனைத் தொடரில் சேர்வராயன் கோயிலுக்கு மலைக் கிராமம் மொத்தமும் வருகிறது, முதலாளி வீட்டுக் குடும்பமும் வருகிறது. வார்டன் சேவியர் சாமி கும்பிடுகிறவர் இல்லை, ஆனாலும் வந்திருக்கிறார். ஏன்? நோட்டில் ஏறட்டும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. மலைவாழ் மக்களை மந்திரம், சாபம், ரகசியம் என்று காட்டுவது எழுத்தாளர்களின் பழைய சோம்பேறித்தனம். சின்னப்பொண்ணு ஏதோ ஒரு வேரைக் கையில் வைத்திருந்தாள் என்பதற்காக அவளைச் சந்தேகப் பட்டியலில் முதலில் போடாதீர்கள். பத்துக்கு எட்டுத் தடவை அது நம்மைத் திசைதிருப்ப வைத்தது. மீதி இரண்டு தடவை மோசமான எழுத்து.

தடயமா, எடுத்தவர்களின் தவறா?

கணிப்பவர்கள் அதிகம் சண்டை போடுவது இதில்தான். நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

நம் தொடரின் இரண்டாம் பகுதியில் தினேஷ் போலீசிடம் சொல்கிறான்: "அன்னைக்குப் பழம் பறிச்சு முடிச்ச ஆளுங்களுக்குக் கூலி குடுத்துட்டிருந்தேன் சார்." சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பது மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில். மே மாதம் செடியில் இருப்பது பூ உதிர்ந்த பின் பிடித்த பச்சைப் பிஞ்சு. அப்படியானால் தினேஷ் பொய் சொல்கிறானா, இல்லை எழுதியவர் ஏற்காட்டுக்குக் கோடை விழாவுக்கு மட்டும் வந்து போனவரா?

நான் மூன்று கேள்வி கேட்பேன். கேமரா அங்கே தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றதா? அதே விஷயம் இன்னொரு முறை வந்ததா? கதைக்குள் இருக்கும் யாராவது அதற்கு முகம் கொடுத்தார்களா? மூன்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் தடயம் என்று வைத்துக்கொள்ளலாம். தினேஷ் அதைச் சொல்லும்போது, கதவோரம் பாத்திரம் எடுக்கும் சின்னப்பொண்ணு சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறாள், கேமராவும் அவள்மேல் நிற்கிறது என்றால், மெட்ராஸ் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாருமே அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஜீப் விளக்கும் அப்படித்தான். இன்ஜின் ஓடாமல் இரவு முழுக்க ஹெட்லைட் எரிந்தால் பழைய ஜீப்பின் பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிடும். பால்காரரோ, "கண்ணு கூசிப்போச்சுங்க" என்கிறார். ஆக விளக்கைப் போட்டது விடியற்காலையில். ராஜசேகர் காணாமல் போன நேரம் வேறு, ஜீப் அங்கே வந்த நேரம் வேறு. இது தவறாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் வெளிச்சத்தைப் பற்றிப் பால்காரருக்கு ஒரு வசனம் எழுதியிருக்கிறார்களே. வெறும் தவறுக்கு யாரும் வசனம் எழுதமாட்டார்கள்.

இந்த மூன்று கேள்வியும் எப்போதும் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். 1990-இல் அமெரிக்காவில் வந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முதல் பகுதியை எடுத்தபோது, அரங்கப் பொருள்களை அடுக்கும் ஃப்ராங்க் சில்வா என்ற ஊழியரின் உருவம் கண்ணாடி ஒன்றில் தவறுதலாகப் பதிவாகிவிட்டது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் அந்தக் காட்சியைத் தூக்கி எறியவில்லை. அந்த ஊழியரையே தொடரின் மிகப் பயங்கரமான பாத்திரமாக ஆக்கிவிட்டார். தவறு தடயமான கதை இது. விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணாடியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும்.

"அது ஏற்காடு ஏரியே இல்லீங்க, கொடைக்கானல்ல எடுத்திருக்காங்க" என்பது தடயம் இல்லை. ஒரு முறை சொல்லிச் சிரித்துவிட்டு மேலே போங்கள். வாராவாரம் அதையே சொல்லும் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார்.

கணிப்பை எழுதுங்கள், எதில் உடையும் என்பதையும் எழுதுங்கள்

இப்போதுதான் பெயர் சொல்லும் நேரம். அடுத்த பகுதி வருவதற்கு முன், நோட்டில் இரண்டு மூன்று வரியில்: யார், எதற்காக, எப்படி. உதாரணமாக: "தினேஷ். தோட்டம் தன் பெயருக்கு வர வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பெரியப்பாவைத் தனியே கூட்டிப்போய், விடியற்காலையில் ஜீப்பை வளைவில் கொண்டுவந்து விட்டு, குப்பனூர் வழியாகக் கீழே இறங்கினான்."

இதோடு நிறுத்தினால் அது வெறும் பந்தயம். கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, இது சரியென்றால் இனி என்ன வர வேண்டும்? குப்பனூர்ப் பக்கம் யாராவது ஒரு சாட்சி. ஜீப்பை விட்டவன் திரும்பிப் போக இன்னொரு வண்டி, அதை ஓட்ட இன்னொரு ஆள். இரண்டு, எந்தக் காட்சி வந்தால் இது செத்தது? உயிலில் தன் பெயர் இல்லை என்பது தினேஷுக்கு முன்பே தெரியும் என்றால் செத்தது. விடியற்காலையில் அவனைக் கோயிலில் பூசாரி பார்த்திருந்தால் செத்தது.

எதில் உடையும் என்று எழுத முடியவில்லையா? அப்படியானால் உங்களிடம் கணிப்பு இல்லை, ஒரு ஆள்மேல் வெறுப்பு இருக்கிறது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "வார்டன்தாங்க" என்று முதல் வாரம் சொன்னவர், வார்டன் திருவிழாவிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் விடியும்வரை அங்கேயே இருந்தார் என்று நான்காம் வாரம் தெரிந்ததும், "அதுவும் அவன் போட்ட பிளான்தாங்க" என்பார். வார்டனே செத்துப்போனால், "சாவையே நடிக்கிறாங்க" என்பார். எந்தத் தகவல் வந்தாலும் வளைந்து கொடுக்கும் கணிப்போடு பேசி என்ன பயன்? தினேஷ் பற்றிய நம் கணிப்பு ஐந்தாம் பகுதியில் உடைந்தாலும், ஜீப்பை விட்டவன் தனியாள் இல்லை என்ற பாதி மிஞ்சும். அடுத்த கணிப்பை அதன்மேல் கட்டலாம்.

இரட்டைப் பிறவி, எல்லாம் கனவு, திடீரென்று கடைசிப் பகுதியில் முளைக்கும் சித்தப்பா ஆகியவற்றைக் கடைசி வரை ஒதுக்கி வையுங்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் அந்தக் கதைகளுக்கு 10 விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், இரட்டையர் வருவதானால் வாசகரை முன்பே தயார்ப்படுத்தியிருக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. எல்லா எழுத்தாளரும் அதை மதிப்பதில்லை. ஆனாலும் எட்டுப் பகுதித் தொடரில் முதல் இரண்டு பகுதிக்குள் முகம் காட்டாதவர்மேல் நான் சந்தேகத்தைச் செலவழிப்பதில்லை.

கதைக்கு வெளியே கிடைப்பவை

பெரிய நடிகர் ஒருவர் இரண்டு பகுதியாகக் காப்பி மட்டும் குடித்துக்கொண்டிருந்தால், சம்பளம் அதற்காக மட்டும் கொடுத்திருக்கமாட்டார்கள். மூன்றாம் பகுதியில் பிடிபடுகிறவர் குற்றவாளி இல்லை, இன்னும் ஐந்து பகுதி பாக்கி இருக்கிறது. இவை பலிக்கும்தான். ஆனால் இப்படிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கதையைப் பார்க்காமல் சம்பளப் பட்டியலைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

தயாரிப்பாளர்களும் இதை அறிந்தவர்கள்தான். 1980 மார்ச்சில் 'டல்லஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் ஜே. ஆர். என்ற முக்கியப் பாத்திரம் சுடப்பட்டபோது, சுட்டது யார் என்ற விடை நவம்பர் வரை வரவில்லை. ரகசியம் கசியக் கூடாது என்று பல நடிகர்களும் சுடுவதுபோல் தனித்தனியாகக் காட்சி எடுத்து வைத்தார்கள். படப்பிடிப்பில் நின்றவர்களுக்கே விடை தெரியாது. அதனால் "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஷூட்டிங்ல இருந்தாருங்க" என்று தொடங்கும் செய்திக்கு நோட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

நாலு பேர் நடுவே பேசும்போது

வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: "எதுவரைக்கும் பார்த்திருக்கீங்க?" மேலே தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு வெள்ளி இரவு சிக்னல் கிடைத்திருக்காது, ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார். அந்த மேசையில் யார் கடைசியாகப் பார்த்தாரோ அவர் நிற்கும் இடத்தில்தான் பேச்சும் நிற்க வேண்டும். சொல்லாமல் சிரிப்பதும், "நீ பாரு, அப்புறம் பேசிக்கலாம்" என்று கண்ணடிப்பதும்கூடச் சொன்ன மாதிரிதான்.

பெரியவர்கள் கணிப்பை மறுக்கும்போது ஆளைத் தொடாமல் காட்சியைத் தொடுங்கள். "மாமா, நீங்க சொல்றது சரி, ஆனா பால்காரரு கண்ணு கூசுச்சுன்னாரே?" என்று கேட்டால் மாமாவே யோசிப்பார். தட்டுவடை செட் தட்டு இன்னொரு சுற்று வரும், பேச்சு வளரும். "உங்களுக்கு ஒண்ணும் புரியலை மாமா" என்றால் அன்றைய பேச்சு அதோடு சரி.

இன்னொன்று. ஊரில் நிஜமாகவே ஒரு பெண் காணாமல் போனால், ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இந்த நோட்டை எடுக்காதீர்கள். தொடரில் தினேஷ்மேல் தவறாகச் சந்தேகப்பட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பக்கத்துத் தெருப் பையன்மேல் சந்தேகப்பட்டால் அவனுக்கு வேலை போகும், பெண் கிடைக்காது.

எதில் தொடங்கலாம்

முடிந்துபோன, எட்டுப் பகுதிக்கு மேல் போகாத தொடராக எடுங்கள். 'சுழல்' முதல் பருவமும் 'வதந்தி'யும் எட்டெட்டுப் பகுதிதான். மொத்தமாக வெளியானதால் ஒரே இரவில் முடித்துவிடக் கை பரபரக்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்று வையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அடுத்ததைத் தொடும் முன் அந்த இரண்டு மூன்று வரியை எழுதிவிடுங்கள். எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால், விடை வந்ததும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று மனசு கணக்கை மாற்றிவிடும்.

தனியாகத் தொடங்காதீர்கள், கூட ஒருவராவது வேண்டும். அவரும் தனி நோட்டு வைக்கட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். நான்காம் பகுதி முடிந்ததும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் 'கண்டது' பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே காட்சியைப் பார்த்த இரண்டு பேர் அந்தப் பத்தியிலேயே எவ்வளவு வேறுபடுகிறீர்கள் என்று பார்த்த பிறகு, ஐந்தாம் பகுதியைப் போடலாம்.